இறக்கை நரம்பைக் காட்டி ‘கிராஸ் தேனீ’ விற்கிறார்களா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். இந்தியத் தேனீயும் இத்தாலியத் தேனீயும் கலந்த ‘கிராஸ்’, நோய் வராது என்று சொல்லி ஒரு தரகர் இரட்டை விலை கேட்கிறார். இத்தாலியத் தேனீயின் பின் இறக்கையில் இந்தியத் தேனீயின் நரம்பு இருப்பதை லென்ஸில் காட்டினார். நம்பலாமா?

பதில்: வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு இனம். கலந்து முட்டை கருவுற்றாலும் கரு பிழைக்காது. கிராஸ் கூட்டம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

நீங்கள் பார்த்த நரம்பு நிஜம். அவர் சொன்ன கதைதான் பொய். பின் இறக்கையின் நடுவே ஓடும் நரம்பு ஒரு குறுக்கு நரம்பைச் சந்திக்கும். இந்தியத் தேனீயில் அது அங்கே நிற்காமல், ஓரத்தை நோக்கி இன்னும் கொஞ்சம் நீளும். மலைத்தேனீ, கொம்புத்தேனீ இரண்டிலும் அப்படித்தான். ஆக, மூதாதைத் தேனீயிடமே இருந்த நரம்பு அது. இத்தாலியத் தேனீயின் வம்சத்தில் மறைந்துவிட்டது. பூச்சிகளுக்கு இது சகஜம். தும்பியின் இறக்கை முழுக்க நரம்புப் பின்னல். பொடிக் குளவிகள் சிலவற்றில் முன் ஓரத்தில் ஒற்றை நரம்புதான் மிச்சம்.

ஆனால் மறைந்த நரம்பு அடியோடு ஒழிவதில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள், வியாபாரமே இதில்தான் நடக்கிறது. சுத்தமான இத்தாலியக் கூட்டத்திலும் சில தேனீக்களுக்கு அந்த நரம்பு குட்டையாகத் தலைகாட்டும், சிலதற்கு நீளமாகவே இருக்கும். ஒரு தேனீக்கு இடது இறக்கையில் இருந்து வலதில் இல்லாமலும் போகலாம். அது பழைய மூதாதையின் மிச்சம், கலப்பின் அடையாளம் இல்லை. தரகர் அப்படி ஒன்றைப் பொறுக்கி எடுத்து லென்ஸுக்கு அடியில் வைக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்து, முன் இறக்கையை வைத்து ‘கியூபிட்டல் இண்டெக்ஸ்’ என்று ஒரு கணக்குச் சொல்வார். இரண்டு நரம்புத் துண்டுகளின் நீள விகிதம் அது. நிறையத் தேனீக்களை அளந்து சராசரி எடுத்தால்தான் அதற்கு அர்த்தம்.

இதையெல்லாம் அதிகாரிகள் தடுக்க வேண்டாமா? மானியத்தில் வந்த பெட்டிகளை எண்ணி, போட்டோ எடுத்துப் போகிறார்கள். மூடியைத் திறந்து உள்ளே என்ன தேனீ என்று யார் பார்க்கிறார்கள்? 1990களில் சாக்புரூட் என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் இந்தியத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது. அந்தப் பயத்தைத்தான் தரகர்கள் இன்றும் காசாக்குகிறார்கள், அதுவும் ரப்பர் தளிர்த்துத் தேன் கிடைக்கும் சமயம் பார்த்து.

எந்த இனம் என்று அறிய உங்களுக்கு லென்ஸே வேண்டாம். வெயில் நேரத்தில் வாசலில் விசிறும் தேனீயைப் பாருங்கள். தலை வெளியே பார்த்திருந்தால் இந்தியத் தேனீ, பெட்டியைப் பார்த்திருந்தால் இத்தாலியன். சந்தேகம் தீரவில்லையா, ஆண் தேனீ அறைகளின் மூடியைப் பாருங்கள். நடுவில் ஊசித்துளை இருந்தால் இந்தியத் தேனீதான். அதற்கு உண்டான விலையை மட்டும் கொடுங்கள்.