பேஸ்மென்றுக்கு ஒரு றாக், பரந்தனுக்கு ஒரு றாக்

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. கிளிநொச்சியிலிருந்து கனடா வந்து ஸ்காபரோவில் பேஸ்மென்றில், அதாவது நிலக்கீழ் வீட்டில், வாடகைக்கு இருக்கிறீர்கள். ஜிம்முக்கு மாதாமாதம் கட்டுவதை விட்டு வீட்டிலேயே பவர் றாக் (பாரம் தூக்கும் பாரைத் தாங்கும் நாலு தூண் இரும்புச் சட்டம்) போடலாமா, எதை வாங்குவது என்பது ஒன்று. பரந்தனில் இருக்கிற உங்கள் தம்பிக்கும் அதே றாக்கை இங்கிருந்து கார்கோவில் அனுப்பலாமா என்பது மற்றது. முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டாவதுக்கு விடை: அனுப்ப வேண்டாம், ஊரிலேயே செய்வியுங்கள். ஆனால் எப்படிச் செய்விப்பது என்பதை விரிவாகச் சொல்ல வேணும், ஏனென்றால் பிழையாக ஒட்டின, அதாவது வெல்டிங் செய்த, றாக் ஆளைக் கொல்லும்.

றாக்கின் உயிர் அதன் பாதுகாப்புக் கம்பிகள் இரண்டிலும்தான் இருக்கிறது. தனிய ஆளாகப் பெஞ்ச் பிரஸ் செய்யும்போது கை விட்டால், பார் கழுத்தில் விழாமல் பிடிப்பது அவைதான். அழகு, நிறம், கம்பனிப் பெயர் எல்லாம் அதுக்குப் பிறகு. எதை வாங்கினாலும் முதலில் அந்தக் கம்பிகளைத் தொட்டுப் பாருங்கள்.

கனடாவில் விற்கும் றாக்குகளின் தூண் 2க்கு 2 அங்குலம், 2க்கு 3, 3க்கு 3 என்று வரும். தடிப்பைக் கேஜில் சொல்வார்கள்: 14 கேஜ் ஏறத்தாழ 1.9 மி.மீ., 12 கேஜ் 2.7, 11 கேஜ் 3 மி.மீ. எண் குறையத் தடிப்புக் கூடும். 100 கிலோவுக்குள் தூக்குகிறவருக்கு 2க்கு 3 அங்குலம், 11 அல்லது 12 கேஜ் தாராளம். அடுத்தது ஓட்டையின் விட்டம், 5/8 அங்குலமா 1 அங்குலமா என்று. பிறகு வாங்கும், பாரை வைக்கும் கொக்கிகளும் மற்றச் சாமான்களும் தூணின் அளவு, ஓட்டையின் அளவு இரண்டுக்கும் பொருந்த வேணும். றோக் (Rogue) என்ற றாக் கம்பனியை எடுத்தால் இன்ஃபினிட்டி வரிசை 2க்கு 3 தூண், 5/8 ஓட்டை. மொன்ஸ்டர் லைற் 3க்கு 3 தூண், 5/8 ஓட்டை. மொன்ஸ்டர் 3க்கு 3 தூண், 1 அங்குல ஓட்டை. ஒன்றின் கொக்கி மற்றதில் சரியாக இருக்காது. பழைய சாமான் பார்க்கப் போகும்போது அளக்கும் ரேப் கொண்டு போங்கள், விற்கிறவரின் வாய்ச்சொல் போதாது.

உங்களுக்கு அங்கே உண்மையான தடை கூரை. ஒன்ராறியோவில் பேஸ்மென்ற் வீட்டுக்கு 1.95 மீற்றர் உயரமே சட்டத்துக்குப் போதும். அதிலும் வெப்பக் குழாய் போகும் இடத்தில் இன்னும் தாழ்வு. ஆகவே 84, 90 அங்குல றாக்குகளைப் பார்க்கவே வேண்டாம். 72 அங்குலக் குட்டை றாக் ஒன்றுதான் உங்களுக்கு. அதையும் நிலத்தில் படுக்க வைத்துப் பூட்டிவிட்டு நிமிர்த்த நினைக்காதீர்கள். நிமிரும்போது மூலைவிட்டம் கூரையில் இடிக்கும். நின்ற நிலையிலேயே ஒவ்வொரு தூணாகப் பூட்டுங்கள். நின்றபடி தலைக்கு மேலே தூக்கும் பயிற்சி அங்கே சரிவராது: கை உயரத்துக்கு மேல், பாரில் போடும் எடைத் தட்டின் பாதி, 22.5 செ.மீ., கூடும். வாங்கில், அதாவது பெஞ்சில், இருந்தபடி செய்யலாம்.

பாரை மறந்துவிடாதீர்கள். ஒலிம்பிக் பார் 2.2 மீற்றர் நீளம், 20 கிலோ, தட்டு முட்டி நிற்கும் இரு கழுத்துக்கும் இடையில் 1.31 மீற்றர். மலிவாக வரும் 5 அடி, 6 அடிப் பார்களில் அந்த நடுப்பகுதி குறைவு. சாதாரண றாக்கின் இரு கொக்கியிலும் ஒழுங்காக இருக்காது. பாரின் இரு தலைப்பிலும் தட்டுப் போட 60 செ.மீ. வீதம் இடம் விட்டால் அகலம் 3.4 மீற்றர் வேணும். நிலத்தில் துளைத்துப் போல்ட் அடிக்க வேண்டாம், வாடகை வீடு, கீழே என்ன குழாய் போகிறதென்று தெரியாது. பின்பக்க முளைகளில் தட்டுகளை அடுக்கினால் அந்தப் பாரமே றாக்கைப் பிடிக்கும். கீழே 3/4 அங்குலக் குதிரைலாய றபர் மற் (விரிப்பு), பண்ணைச் சாமான் விற்கும் கடையில் 4க்கு 6 அடியாகக் கிடைக்கும். ஒன்று 45 கிலோவுக்குக் கிட்ட வரும், படியில் இறக்க இரண்டு பேர் வேணும். றபர் மணம் போக ஒரு கிழமை கராஜில் விரித்துவிட்டு உள்ளே எடுங்கள். வீட்டுக்காரரிடம் முதலே கேட்டுவிடுவது நல்லது, இரும்புச் சத்தம் மேல்வீட்டுக்கு நன்றாகக் கேட்கும்.

இனிப் பரந்தன்.

ஒரு நல்ல றாக் 100 கிலோ இரும்பு. அதைக் கப்பலில் ஏற்றி, கொழும்பில் தீர்வை கட்டி, லொறியில் ஏ9 வழியே கொண்டு போய் இறக்குகிற காசு வீண். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஹாட்வெயாரில் பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) இருக்கிறது, ஒட்டத் தெரிந்த கையும் இருக்கிறது. ஆளைத் தெரிவதில்தான் கவனம் வேணும். கேற், ஜன்னல் கிறில் அடிக்கிற கடைக்குப் பழகினது மெல்லிய தகடு. உழவு மெசின் பெட்டி, கலப்பை திருத்துகிற கடையைத் தேடச் சொல்லுங்கள்; தடித்த இரும்பில் வெல்டிங் ஆழமாக இறங்கப் பழகினவர் அங்கேதான் இருப்பார். நிலையாக நின்று துளைக்கிற றில் மெசின் இருக்கிற இடமாகவும் இருக்க வேணும்.

வாங்க வேண்டியது 75க்கு 75 மி.மீ. பொக்ஸ் பார், 3 மி.மீ. தடிப்பு, 20 அடி நீளத்தில் மூன்று. கடையில் 3 மி.மீ. என்று சொல்லி 2 மி.மீ. தந்தால் வெட்டின வாயில் கண்ணால் பிடிப்பது கடினம். தராசில் போடச் சொல்லுங்கள்: 3 மி.மீ. என்றால் ஒரு நீளம் 40 கிலோவுக்குக் கிட்ட நிற்கும், 2 மி.மீ. என்றால் 28 கிலோதான். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வெட்டுக் கணக்கு இப்படி. முதல் இரண்டு நீளத்திலும் ஒவ்வொன்றிலிருந்து 2.1 மீற்றர்த் தூண் இரண்டு, 1.2 மீற்றர் அடிக்கால் ஒன்று, 60 செ.மீ. மேற்பக்கத் துண்டு ஒன்று. மூன்றாவது நீளத்தில் 1.09 மீற்றர்க் குறுக்குத் துண்டு மூன்று, எல்லாம் பின்பக்கத்துக்கு: அடியில், நடுவில், உச்சியில். 1.09 ஏன் என்றால், இரு பக்கத் தூணும் சேர வெளியகலம் 1.24 மீற்றர் வரும், பாரின் 1.31 மீற்றருக்குள் இரு பக்கமும் 3.5 செ.மீ. இடைவெளியோடு அடங்கும். இதை 1.3 ஆக்கினால் தட்டின் கழுத்து தூணில் உரசும். மிகவும் ஒடுக்கினாலும் பிழை. ஒரு பக்கத் தட்டை மட்டும் கழற்றும்போது மற்றப் பக்கத்துப் பாரம் பாரைக் கவிழ்த்துவிடும். இந்த அகலத்தில் 20 கிலோப் பார் ஒரு பக்கப் பாரத்தை ஓரளவு தாங்கும், ஆனாலும் இரு பக்கமும் மாறி மாறிக் கழற்றப் பழகட்டும்.

அடிக்கால் முன்னே 15, பின்னே 30 செ.மீ. நீண்டிருக்கத் தூண்களை அதன் மேல் நிறுத்த வேணும். முன்பக்க அடியில் குறுக்குத் துண்டு வேண்டாம், காலில் தடக்கும். முன் உச்சிக்கு 1 அங்குல ஜி.ஐ. பைப் (நாகம் பூசின இரும்புக் குழாய்), தடித்த ரகம். வெளிவிட்டம் 33 மி.மீ. சொச்சம் என்றபடியால் புல்-அப் பிடிக்கக் கைக்கு நன்றாக இருக்கும். ஒட்டுகிற இடத்தில் நாகப் பூச்சை முதலில் தேய்த்து எடுக்க வேணும். அப்படியே ஒட்டினால் வெல்டிங் பிடிக்காது, அந்தப் புகை ஒட்டுகிறவருக்குக் காய்ச்சலும் கொண்டுவரும்.

எல்லாரும் பிழைவிடுகிற இடம் ஓட்டை. தூணின் முன்முகத்திலும் பின்முகத்திலும் 17 மி.மீ. ஓட்டை, அடியிலிருந்து 12 அங்குலத்தில் தொடங்கி 2 அங்குலத்துக்கு ஒன்றாக 68 அங்குலம் வரை. ஒரு முகத்துக்கு 29. நாலு தூணின் இரண்டு முகமும் சேர 232. 50 மி.மீ. என்று சொல்லாமல் ரேப்பின் அங்குலப் பக்கத்தில் 2 அங்குலம் என்றே குறிக்கச் சொல்லுங்கள். 2 அங்குலம் 50.8 மி.மீ., அந்த 0.8 ஒவ்வோர் ஓட்டைக்கும் சேர்ந்துகொண்டு போனால் பிறகு கனடாவிலிருந்து அனுப்பும் இரட்டை முளைச் சாமான் ஏறாது. ஓர் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு அளந்து குறிக்கவும் கூடாது, சிறு பிழை கூடிக்கொண்டே போகும். எல்லா ஓட்டையையும் தூணின் அடியிலிருந்தே அளக்க வேணும். இன்னும் நல்லது, ஒரு பட்டை இரும்பில் அச்சு ஒன்று செய்து அதை நாலு தூணிலும் வைத்துக் குறிப்பது. குறித்ததும் ஒவ்வொரு தூணிலும் அடிப்பக்கத்தில் பெயின்றால் ‘கீழ்’ என்று எழுதிவிட வேணும். ஒரு தூண் தலைகீழாக ஒட்டப்பட்டால் அடியில் 30 செ.மீ., உச்சியில் 37 செ.மீ. என்ற வித்தியாசத்தில் பார் சரிந்து நிற்கும். பிறகு வெட்டித்தான் எடுக்கலாம். காஸால் ஓட்டை உருக்குகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

ஒட்டும்போது முதலில் எல்லா மூட்டிலும் பொட்டு வெல்டிங். அதன் பின் இரு மூலைவிட்டத்தையும் ரேப்பால் அளந்து, இரண்டும் ஒன்றாக வந்தால்தான் முழுவெல்டிங். ஒரு பக்கத்தை ஒரேயடியாக முடித்தால் சூடு அந்தப் பக்கம் இழுத்து றாக் கோணும். எதிரெதிர் மூலையாக மாறி மாறி ஒட்ட வேணும். அடியிலும் உச்சியிலும் மூலைக்கு மூலை 6 மி.மீ. முக்கோணத் தகடு.

பாதுகாப்புக் கம்பிக்கு 16 மி.மீ. வழுவழுப்பான உருளைக் கம்பி. கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி வேண்டாம், ஓட்டையில் சிக்கும். கம்பியை வெறுமனே விடக் கூடாது. 1½ அங்குலப் பைப்பை 59 செ.மீ. வெட்டி, முன் பின் தூண்களுக்கு நடுவில் வைத்து அதனூடே கம்பியைச் செலுத்த வேணும். வெறுங்கம்பியில் பார் நடுவில் விழுந்தால் கம்பி வளையும். பைப் இருந்தால் பாரத்தைத் தூணடிக்குக் கொண்டுபோய்விடும். கம்பியின் ஒரு முனையைக் கைப்பிடியாக வளைத்து, மறுமுனையில் ஓட்டை போட்டுக் கொக்கியூசி குத்த வேணும், இல்லாவிட்டால் அதிர்வில் கழன்று வரும். அதே 1½ அங்குலப் பைப்பின் வெளிவிட்டம் 48 மி.மீ.; பின் தூணில் துண்டு துண்டாக ஒட்டினால் 50 மி.மீ. துளையுள்ள தட்டுகளை மாட்டலாம்.

வைக்கிற இடம். வீட்டுத் திட்டத்தில் கட்டின 550 சதுர அடி வீட்டில் அறை பத்தடிக்குப் பத்தடி என்றால் பாருக்கு இரு பக்கமும் 42 செ.மீ.தான் மிஞ்சும், தட்டுப் போட இடம் போதாது. வீட்டோடு சேர்த்துப் பத்தி (சாய்ப்புக் கூரை) ஒன்று இறக்குவது நல்லது, தாழ்ந்த பக்கமும் எட்டடிக்குக் குறையாமல். நிலம் முற்றத்தைவிட அரையடி உயரமாக இருக்கட்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை வன்னி மண் ஊறி இளகும், றாக் ஒரு காலில் தாழும். 8க்கு 8 அடி, 4 அங்குலத் தடிப்பில் 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கொங்கிரீட்டுக்கு 50 கிலோச் சீமெந்து நாலு மூட்டை போதும். ஒரு கிழமை தண்ணீர் விட்டுக் காய விடுங்கள். மேலே பிளைவூட் போட நினைத்தால் கறையான் ஒரு மாரிக்குள் தின்றுவிடும், றபர் மற்றே போடுங்கள்.

பொக்ஸ் பாரின் திறந்த வாயெல்லாம் தகடு வைத்து மூடி, அடிக்காலின் கீழ்முகத்தில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை விட வேணும். வாய் மூடாவிட்டால் உள்ளே துரு ஏறும், குளவியும் கூடு கட்டும். 60 கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும்போது முகத்துக்கு நேரே குளவி வந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ரெட் ஒக்சைட் இரண்டு கை, எனாமல் இரண்டு கை. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் என்றால் ஆண்டுக்கொருமுறை திரும்பப் பூச வேணும். பாரின் சுரசுரப்பை நைலோன் புருசால் துலக்கி, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காயெண்ணெய் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

கொங்கிரீட்டுக்கு வாங்கும் நாலு மூட்டையையும் குழைக்க முன் ஒரு வேலைக்கு எடுக்கலாம். பட்டறையிலேயே பாதுகாப்புக் கம்பிகளின் மேல் தடித்த பலகை போட்டு 200 கிலோவையும் அடுக்கி ஓர் இரவு விடச் சொல்லுங்கள். காலையில் கம்பி, முக்கோணத் தகட்டு விளிம்பு, வெல்டிங் கோடு எல்லாவற்றையும் விளக்கடித்துப் பார்க்க வேணும். பெயின்ற் அதுக்குப் பிறகுதான். முதலே பூசினால் வெடிப்புத் தெரியாது.

கம்பியின் உயரத்தை உங்கள் தம்பிக்கு நேரே சொல்லிக் கொடுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்தும்போது பார் கம்பியில் படக் கூடாது, நெஞ்சைத் தளர்த்தினதும் பார் கம்பியில் இருக்க வேணும், கழுத்து அதுக்குக் கீழே இருக்க வேணும். வெறும் பாரோடு படுத்துப் பார்த்துக் குறிக்கட்டும். 2 அங்குல இடைவெளியில் சரியான உயரம் இரண்டு ஓட்டைக்கு நடுவில் விழுந்தால், வாங்கின் கீழே 1 அங்குல மற் போடலாம். ஸ்குவாட்டுக்கு, ஆக ஆழமாக இருக்கிற நிலையில் பாருக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே. முதுகிலோ இடுப்பிலோ போரில் பட்ட சன்னம் (குண்டுத் துண்டு) இருக்கிறவர்கள் அங்கே பலர். அப்படி யாராவது கூடப் பயில வந்தால், எக்ஸ்றே காட்டி வைத்தியரைக் கேட்காமல் தோளில் பாரம் ஏற்ற விடாதீர்கள்.

கனடாவிலிருந்து அனுப்ப வேண்டியது சின்னப் பெட்டி ஒன்றுதான்: பிளாஸ்ரிக் பதித்த கொக்கி ஒரு சோடி, பார்க் கழுத்துப் பூட்டு ஒரு சோடி. கொக்கி 3க்கு 3 அங்குலத் தூண், 5/8 ஓட்டைக்கானதாக இருக்கட்டும். அங்கே தூண் 75, கொக்கி 76.2 மி.மீ.க்கு, அந்த ஒரு மில்லிமீற்றர்ச் சொச்ச ஆட்டம் பிழையில்லை. ஆனால் தூணில் பெயின்ற் தடித்துப் போனால் இறுகும், கொக்கி ஏறும் முகத்தில் மெல்லிய கையாகப் பூசச் சொல்லுங்கள்.