ரவுட்டர் அடாப்டருக்கு எந்தக் கெப்பாசிட்டர் வாங்குவது?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. எங்கள் வைஃபை ரவுட்டர் சில வாரங்களாகத் தானாகவே அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். மீட்டர் வைத்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டுகிறது. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர் பிரித்துப் பார்த்து, வெளியீட்டுப் பக்கத்தில் 1000 மைக்ரோஃபேரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைத்து வோல்ட்டேஜைச் சீராக்கும் பாகம்) உப்பியிருக்கிறது என்றார். கடையில் "2200 போடுங்க, இன்னும் நல்லது" என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். 1000 இருந்த இடத்தில் 1000-ஐயே போடச் சொல்லுங்கள். ஆனால் எந்த 1000 என்பதுதான் முக்கியம்.

மீட்டர் டிசியில் சராசரியைத்தான் காட்டும். அந்த 12 வோல்ட்டின் மேல் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை ஏறி இறங்கும் ரிப்பிள் அதில் தெரியாது, ஆசிலோஸ்கோப் வேண்டும். ரவுட்டரைப் படுத்துவது பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கம்தான்.

ஒரு சின்னக் கணக்கு. இந்த சுவிட்சிங் வகை அடாப்டர் 65 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 65,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 8 மைக்ரோவிநாடி கெப்பாசிட்டர் மட்டுமே 2 ஆம்பியரைத் தாங்குகிறது, அதில் 1000 மைக்ரோஃபேரடில் இறங்கும் வோல்ட்டேஜ் வெறும் 16 மில்லிவோல்ட். ஆனால் கெப்பாசிட்டருக்கு உள்ளேயே ஒரு சிறு மின்தடை உண்டு, இ.எஸ்.ஆர். என்பார்கள். மின்னோட்டம் 5 ஆம்பியர் ஏறி இறங்கும்போது இ.எஸ்.ஆர். 0.03 ஓம் என்றால் 150 மில்லிவோல்ட், பழசாகி 0.3 ஓம் ஆகிவிட்டால் 1.5 வோல்ட்! மைக்ரோஃபேரடை இரட்டிப்பாக்கினால் குறைவது அந்த 16-இல் பாதிதான். 2200 உருவத்தில் பெரிதாக இருந்து டப்பாவுக்குள் அடங்காமல் போகலாம், ஆன் செய்யும்போது அதை நிரப்ப முடியாமல் சில அடாப்டர்கள் பாதுகாப்புக்காக அணைந்து அணைந்து எரியும்.

அதனால் எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவர் பக்கம் போனால் "சுவிட்சிங் சப்ளைக்கு, லோ இ.எஸ்.ஆர்., 105 டிகிரி" என்று கேளுங்கள். 105 டிகிரி என்பது அது தாங்கும் அதிகபட்ச சூடு, 85 டிகிரி வகையும் உண்டு. பானாசோனிக் எஃப்ஆர், ரூபிகான் இசட்எல்ஹெச் போன்ற வரிசைகள் இதற்கென்றே இருப்பவை. கடைக்காரரிடம் வரிசையின் பெயரைக் கேட்டு, போனிலேயே அதன் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) திறந்து எவ்வளவு ரிப்பிள் கரண்ட்டைத் தாங்கும், எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பாருங்கள். பெயரே தெரியாத சரக்கை வாங்காதீர்கள்.

85 டிகிரி வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லக் காரணம் நம் ஊர் வெக்கை. உள்ளே 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொது விதி. மூடிய டிவி அலமாரிக்குள் கெப்பாசிட்டர் 65 டிகிரியில் வேகிறது என்றால், 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டது 8000 மணி நேரம்தான் தாங்கும். ராப்பகலாக ஓடும் ரவுட்டருக்கு அது ஒரு வருஷம்கூட இல்லை. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்றால் அதே சூட்டில் 32,000.

உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் உள்ள பாலிமர் கெப்பாசிட்டர் போடலாமா? இ.எஸ்.ஆர். மிகக் குறைவு, நல்ல பொருள்தான். ஆனால் அதற்காக வடிவமைக்காத பழைய சர்க்யூட் சில சமயம் நிலையில்லாமல் ஆடும், பழுதுக்கு அதைத் தவிர்க்கலாம்.

கேள்வி: நானே மாற்றலாமா, புதிதாக வாங்குவதா?

பதில்: பழக்கம் இல்லையென்றால் புதிது வாங்குங்கள். 230 வோல்ட்டை நேராக்கினால் சுமார் 325 வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். புதியதில் அதே 12 வோல்ட், 2 ஆம்பியர் அல்லது அதற்கு மேல், பின்னின் அளவும் பிளஸ் மைனஸ் திசையும் பழையது மாதிரியே இருக்கவேண்டும். அப்புறம் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இல்லாத அடாப்டரை, எவ்வளவு மலிவாக வந்தாலும், வீட்டுக்குள் விடாதீர்கள்.