வால்பாறைத் துண்டுக்காடுகள்: எந்தச் செயற்கைக்கோள் படத்தை எடுப்பது?

சூழலியல் முதுகலை படிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: "வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் துண்டுக்காடுகளை வரைபடமாக்கி, அவை சோலைமந்திகளுக்கு எவ்வளவு தூரம் இணைந்திருக்கின்றன என்று ஆராயப்போகிறேன். லேண்ட்சாட் படம் போதுமா, சென்டினல் வேண்டுமா? எந்த மென்பொருள் கற்க வேண்டும்?"

மென்பொருள் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தாராளமாகப் போதும், இலவசமும்கூட. துண்டுகளின் பரப்பு, விளிம்பு, இடைவெளி போன்ற அளவீடுகளுக்கு ஃப்ராக்ஸ்டாட்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. படத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் தேவை, அதுவும் சோலைமந்தியை மனதில் வைத்து.

இந்தக் குரங்கு பெரும்பாலும் மரத்துக்கு மரம் தாவி வாழ்வது. தோட்டங்களுக்கு ஊடே ஓடும் ஓடைக்கரையில் 25 மீட்டர் அகலத்தில் ஒரு மரவரிசை இருந்தால், அதற்கு அதுவே பாதை. லேண்ட்சாட்டின் பிக்சல், அதாவது படத்தின் ஒரு சதுரப் புள்ளி, தரையில் 30 மீட்டர். அந்த வரிசை எந்த பிக்சலையும் முழுதாக நிரப்பாது. பாதி மரம், பாதி தேயிலை என்று கலந்து விழும். ஒவ்வொரு பிக்சலையும் மென்பொருள் வகைப்படுத்தும்போது சில பிக்சல்கள் காடாகும், சில தேயிலையாகும், பாதை அங்கங்கே அறுந்துவிடும். களத்தில் சேர்ந்திருக்கும் இரண்டு காடுகள் உங்கள் முடிவில் தனித்தனித் தீவுகள்! சென்டினல்-2 படத்தின் பிக்சல் 10 மீட்டர். ஒரு ஹெக்டேருக்கு லேண்ட்சாட்டில் சுமார் 11 பிக்சல்தான், இதில் 100. அதனால் சென்டினலையே எடுங்கள்.

ஆனால் அது 2015-க்குப் பிறகுதான் கிடைக்கும். எண்பதுகளோடு ஒப்பிட ஆசைப்பட்டால் லேண்ட்சாட் வேண்டும். அப்போது இரண்டையும் 30 மீட்டருக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் நுண்ணிய படத்தில் கூடுதலாகத் தெரியும் சிறு துண்டுகளைப் பார்த்துக் காடு மேலும் சிதைந்துவிட்டது என்று எழுதிவிடுவீர்கள்.

அடுத்தது தேயிலை. அதுவும் ஆண்டு முழுக்கப் பச்சை, ஆகவே இலைப்பசுமையை எண்ணாகக் காட்டும் பசுமைக் குறியீட்டை மட்டும் நம்பினால் காட்டோடு குழம்பும். கொழுந்து பறித்துப் பறித்துத் தேயிலையின் மேற்பரப்பு சமமாக இருக்கும், காட்டின் கவிகை, அதாவது மரங்களின் மேற்கூரை, மேடுபள்ளமாக இருக்கும். இந்த வேறுபாட்டைக் காட்டும் இழையமைப்பு அளவீட்டையும் அகச்சிவப்புப் பட்டைகளையும் சேர்த்தால் நன்றாகப் பிரியும். நிழல்மரக் காபித் தோட்டம்தான் பெரிய தலைவலி. மேலிருந்து பார்த்தால் காடு மாதிரியே இருக்கும். அதைக் காட்டோடு சேர்க்கவும் வேண்டாம், தேயிலையோடு தள்ளவும் வேண்டாம். களத்தில் பார்த்துத் தனி வகுப்பாக வைப்பதே என் பரிந்துரை. உலகளாவிய மரப்பரப்பு வரைபடங்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். சில்வர் ஓக்கும் தைலமரமும்கூட அவற்றில் மரப்பரப்புதான்.

மழைக்காலப் படங்களில் மேகம்தான் இருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதப் படங்களைத் தேடுங்கள். டிசம்பரில் சூரியன் தாழ்ந்திருப்பதால் சரிவுகளில் நிழல் நீளும்.

அப்புறம், படத்தை வால்பாறைப் பீடபூமியின் எல்லையோடு வெட்டிவிடாதீர்கள். ஓரத்திலுள்ள ஒரு துண்டு ஆனைமலைப் புலிகள் காப்பகக் காட்டின் நீட்சியாக இருக்கலாம். வெட்டினால் அது ஐந்தாறு ஹெக்டேர் துணுக்காகக் கணக்கில் ஏறும். சில கிலோமீட்டர் வெளியேயும் சேர்த்து எடுங்கள். மூலையில் மட்டும் தொடும் இரண்டு பிக்சல்கள் ஒரே துண்டா, இரண்டா என்பதற்கும் விதி உண்டு: நான்கு அண்டை என்றால் இரண்டு, மூலைகளையும் சேர்க்கும் எட்டு அண்டை என்றால் ஒன்று. எதைத் தேர்ந்தாலும் ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள், துண்டுகளின் எண்ணிக்கையே அதனால் மாறும். பரப்பைக் கணக்கிடும் முன் லேயரை மீட்டரில் அளக்கும் ஆயத்தொலை முறையான யூடிஎம்மின் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள்.

துல்லியத்தைச் சோதிக்கும் புள்ளிகளை, மென்பொருளுக்கு வகுப்புகளைக் கற்றுத்தரும் பயிற்சிப் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே எடுத்தால் மதிப்பெண் பிரமாதமாக வரும், அதை நம்ப முடியாது. சோதனைக்கு வேறு எஸ்டேட்டுகளை ஒதுக்குங்கள். அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் பல மீட்டர் பிசகும் என்பதால், விளிம்பில் நிற்காமல் துண்டின் உள்ளே தள்ளிப் புள்ளி எடுங்கள். இதற்கெல்லாம் வனத்துறை அனுமதி வேண்டும், எஸ்டேட் நிர்வாகத்திடம் தனியே கேட்க வேண்டும். படத்தைப் பதிவிறக்கும் முன்பே அந்த விண்ணப்பங்களைக் கொடுத்துவிடுங்கள்.