மகன் கையில் விலங்கு, மற்றவனுக்கு வெறும் எச்சரிக்கை: கேட்க வழி உண்டா?

கேள்வி: அமெரிக்காவின் வட கரோலினாவில் வசிக்கிறோம். கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். மகனுக்கு 14 வயது, நல்ல கறுப்பு நிறம். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையனோடு கைகலப்பு. முதலில் தள்ளியது அந்தப் பையன்தான். அவனை எச்சரித்து விட்டுவிட்டார்கள். என் மகனுக்கு ஏழு நாள் சஸ்பென்ஷன். பள்ளியில் இருக்கும் போலீஸ்காரர் அவனுக்கு விலங்கு மாட்டி, கதவைச் சாத்தி, நடந்ததை ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கிறார். விலங்கைக் கழற்றிய பிறகுதான் எனக்கு போன் வந்தது. "விசா இருக்கு, வம்பு வேண்டாம்" என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தாளைப் பற்றிப் பேசுவோம். உங்கள் மாநிலச் சட்டப்படி, 16 வயது நிரம்பாத பிள்ளை போலீஸ் காவலில் கொடுக்கும் வாக்குமூலம், பெற்றோரோ பாதுகாவலரோ வக்கீலோ உடன் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் செல்லாது. இதே வட கரோலினாவில், சேப்பல் ஹில் பள்ளி ஒன்றில் 2005-இல் 13 வயதுப் பையனை வகுப்பிலிருந்து அழைத்துப்போய், மூடிய அறையில் அரை மணிக்கும் மேல் விசாரித்தார்கள். வீட்டில் இருந்த பாட்டிக்குத் தகவல் சொல்லவில்லை. அவன் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிள்ளை காவலில் இருந்தானா என்று பார்க்கும்போது அவன் வயதையும் பார்க்க வேண்டும் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. உங்கள் மகன் கையில் விலங்கே இருந்திருக்கிறது, அதனால் அவன் காவலில்தான் இருந்தான் என்று வாதிட வலுவான இடமுண்டு. இனி வக்கீல் இல்லாமல் அவன் யாருக்கும் ஒரு வரிகூட எழுதித் தரக் கூடாது, மன்னிப்புக் கடிதம் உட்பட. சிறார் நீதிமன்றத்தில் வழக்கு வந்தால் அரசு செலவிலேயே வக்கீல் தருவார்கள்.

சஸ்பென்ஷன் விஷயத்தில், பத்து நாளுக்கு உட்பட்டதானாலும் குற்றச்சாட்டைச் சொல்லி, பிள்ளையின் பக்கத்தைக் கேட்டாக வேண்டும். 1975-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. கேட்டார்களா என்று மகனிடம் நிதானமாக விசாரியுங்கள். அந்த ஏழு நாளுக்கான பாடப் புத்தகங்களையும் வீட்டுப்பாடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இனி நிறப் பாகுபாடு. இது உங்கள் மனப்பிரமை இல்லை. 2013-14 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் 15.5 சதவீதம்தான், சஸ்பெண்ட் ஆனவர்களில் அவர்கள் ஏறக்குறைய 39 சதவீதம். கறுப்பினத் தாய்மார்கள் காலங்காலமாகப் பட்டுவரும் வேதனை இன்று உங்கள் வாசலுக்கும் வந்திருக்கிறது. ஆனால் இந்தப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துத் தனிநபர் வழக்குப் போட, 2001-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வழியில்லை. வேண்டுமென்றே வேறுபடுத்தினார்கள் என்று காட்ட வேண்டும். உங்களிடம் அதற்கான சரக்கு இருக்கிறது: ஒரே சண்டை, இரண்டு பிள்ளைகள், இரண்டு தண்டனை.

ஆகவே இன்று இரவே பள்ளி முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சாப்பாட்டுக் கூடக் கேமராப் பதிவை அழிக்கக் கூடாது, மகனின் கோப்பு முழுவதையும் நான் பார்க்க வேண்டும் என்று இரண்டே வரி போதும். கோப்பைக் காட்ட அவர்களுக்கு 45 நாள் கெடு. மணிக்கட்டில் விலங்குத் தடம் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். சம்பவத்தைப் பார்த்த பிள்ளைகளின் பெயரை அவன் மறப்பதற்குள் குறித்துக்கொள்ளுங்கள். 1964 குடிமை உரிமைச் சட்டத்தின்படி மத்திய கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் புகார் கொடுக்க, சம்பவ நாளிலிருந்து 180 நாள் இருக்கிறது. 2025-இல் அந்த அலுவலகத்தின் கிளைகள் பலவற்றை மூடிவிட்டதால் பதில் தாமதமாகலாம். இருந்தாலும் கெடுவைத் தவற விடாதீர்கள்.

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. புகார் கொடுக்கக் குடியுரிமை தேவையில்லை. கொடுத்ததற்காகப் பள்ளி பழிவாங்குவதும் சட்டவிரோதம். சிறார் நீதிமன்றத் தீர்ப்பைக் குடியேற்றச் சட்டம் குற்றத் தண்டனையாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பிற்பாடு கிரீன் கார்டு படிவம் கைது பற்றிக் கேட்கும், அப்போது மறைத்தால்தான் ஆபத்து. அதனால் பள்ளியும் போலீஸும் தரும் ஒவ்வொரு காகிதத்தையும் பத்திரப்படுத்தி, குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் இப்போதே காட்டி வையுங்கள்.