காலம் நின்றதா, கால் மரத்ததா?

அன்புள்ள ஐயா,

ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற வாரம் தூக்கம் வராத ஓர் இரவில் ‘கேஷ்பேக்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தேன். காதல் முறிந்து தூக்கத்தைத் தொலைத்த ஓவிய மாணவன் பென், சூப்பர் மார்க்கெட்டில் இரவு வேலைக்குச் சேர்கிறான். காலத்தை நிறுத்தி, உறைந்து நிற்கும் பெண்களின் ஆடையை விலக்கி வரைகிறான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அறை நண்பன் இதை ஆபாசம் என்கிறான். எது சரி? நடுவில் கால்பந்தாட்டமெல்லாம் எதற்கு? நானும் என்னைப் பிரிந்துபோன தோழியை, அவளுடைய புகைப்படங்களைப் பார்த்து நாற்பது முறை வரைந்திருக்கிறேன். ஆண்டுக் கண்காட்சியில் வைக்கப்போகிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

கால்பந்தாட்டத்துக்குப் பதில் எளிது. இயக்குநர் ஷான் எல்லிஸ் இந்தக் கதையை முதலில் 2004இல் 18 நிமிடக் குறும்படமாக எடுத்தார். அது ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. அதை அப்படியே உள்ளே வைத்து 2006இல் முழுநீளப் படமாக்கினார்கள். இருக்கிற மாவில் தண்ணீர் விட்டு இன்னும் பத்துத் தோசை வார்த்த கதை. ஆபாசமா இல்லையா என்று நண்பரோடு விடிய விடிய வாதாடாதீர்கள். இருவரும் தூங்குங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மாணவனாக இருந்தபோது வரைந்த ஒரு நோட்டு கிடைத்தது. முழுக்க ஒரே பெண்மணியின் கால்கள்.

காலையில் கீரை விற்றுவிட்டு, பத்து மணிக்கு எங்கள் வகுப்புக்கு மாடலாக நிற்க வருவார். சேலையை முழங்கால் வரை ஏற்றிக் கட்டி, ஒரு காலை முக்காலியில் வைத்து, சுவரில் இருந்த ஓர் ஆணியையே பார்த்துக்கொண்டு நிற்பார். இருபது நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் ஓய்வு. பதினைந்தாவது நிமிடத்தில் கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கும். “அம்மா, அசையாதீர்கள்” என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவர் ஆணியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நீ அழிரப்பரை எடுக்கும்போதெல்லாம் என் கால்தானே நிற்கிறது?” என்றார்.

அந்த வகுப்பில் காலத்தை நிறுத்தியவர் அவர்தான். நாங்கள் பன்னிரண்டு பேர் அவருடைய காலில் நின்றுகொண்டு வரைந்தோம். அதற்கான கூலியும் இரண்டு மாதம் தாமதமாகத்தான் வரும்.

இதனால்தான் அந்தப் படத்தின்மீது எனக்கு ஆற்றாமை. எவ்வளவு நன்றாகத் தொடங்குகிறது, பாருங்கள்! தூக்கம் போனதால் தினமும் எட்டு மணி நேரம் மிச்சமாகிறது. அதை பென் கடைக்கு விற்கிறான். கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தால்தான் இரவு நகரும் என்று உடன் வேலை செய்யும் ஷாரனுக்கு ஒரு விதி உண்டு. நேரத்துக்கு விலை உண்டு என்று அறிந்தவர் எழுதிய காட்சிகள் இவை. அப்படிப்பட்டவன், சாமான் வாங்க வந்த பெண்களை நிறுத்திவைத்து வரையும்போது மட்டும் கணக்கை மறந்துவிடுகிறான். அங்கே யாருக்கும் கால் மரப்பதில்லை, ஒருத்தியும் ‘போதும், இறக்கட்டுமா’ என்று கேட்பதில்லை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லிஸ் ஃபேஷன் புகைப்படக்காரராக இருந்தவர்; இது கேமராக்காரரின் கனவு. நிஜத்தில் காலம் நிற்பதில்லை, ஆகவே புகைப்படம்தான் பொய் சொல்கிறது, ஓவியன் அல்ல என்று சிற்பி ரோடின் பாய்ந்தோடும் குதிரைகளை வைத்து வாதிட்டார். ரோடினைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது குதிரையல்ல, அந்தக் கெண்டைக்கால் நடுக்கம். என் நோட்டில் உயிரோடு இருக்கும் ஒரே கோடு அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால்களில் ஒன்றுக்குக் கல்லூரிக் கண்காட்சியில் எனக்கு ஐந்நூறு ரூபாய் பரிசு கிடைத்தது. “என் படத்தை மாட்டியிருக்கிறார்களாமே, பார்க்கலாமா?” என்று அவர் கேட்டார். பங்கு கேட்பாரோ என்று பயந்து, கண்காட்சி முடிந்துவிட்டது என்றேன். இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.

ஆகவே தம்பி, அந்த நாற்பது படங்கள். கேள்வியாகக்கூட அதை நீங்கள் எழுதவில்லை, போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். படத்தின் முடிவில் ஷாரன் பென்னின் கண்காட்சிக்கு வந்து, சுவரெல்லாம் அவன் வரைந்த தன் முகத்தைப் பார்த்து நெகிழ்கிறாள். வெளியே பனி அந்தரத்தில் நிற்கிறது. அவள் நெகிழ வேண்டும் என்று எழுதிவைத்தவர் எல்லிஸ். உங்கள் தோழிக்கு யாரும் வசனம் எழுதித் தரவில்லை. அவர் தம் கூட்டாளிகளோடு உள்ளே வந்து, நாற்பது இடத்தில் தம் முகத்தைப் பார்த்தால் என்ன ஆவார் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? பிரிவின் வலியை நான் ஏளனம் செய்யவில்லை. அழுங்கள், வரையுங்கள், பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். சுவரில் மாட்டாதீர்கள்.

இன்றிரவும் தூக்கம் வராவிட்டால், இடது கையை உயர்த்திப் பிடித்து இருபது நிமிடம் அதை வரைந்து பாருங்கள். ரப்பரைத் தொடக்கூடாது. வரைந்ததை எனக்கு அனுப்புங்கள், பதினைந்தாவது நிமிடத்தில் போட்ட கோடு எது என்று கண்டுபிடிக்கிறேன்.