மூன்றரை வயதாகியும் படியேறப் பயப்படுகிறான்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். மகனுக்கு மூன்றரை வயது. 14 மாதத்தில் நடந்தான், நன்றாகப் பேசுகிறான். ஆனால் படியேறும்போது என் கையை விடமாட்டான். ஒரு படியில் இரண்டு காலையும் வைத்த பிறகுதான் அடுத்த படி. பென்சில் பிடிக்கத் தெரியவில்லை என்று எல்.கே.ஜி. மிஸ் சொல்கிறார். கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் இருப்பதால் வெளியே விடுவதில்லை, பெரும்பாலும் செல்போன்தான். 'போகப் போகச் சரியாயிடும்' என்கிறார் மாமியார். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: ஒருமுறை காட்டிவிடுங்கள் அம்மா. ஆனால் முதலில் அந்த வாய்க்காலைப் பற்றிப் பேச வேண்டும்.

வழக்கம்போல் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, வெண்ணாற்று வாய்க்கால்களில் தண்ணீர் வந்துவிட்டால் சின்னப் பிள்ளை உள்ள வீடுகளில் எல்லாம் இந்தப் பயம்தான். இருக்கவும் வேண்டும். முழங்கால் தண்ணீரில்கூட இந்த வயதுப் பிள்ளை மூழ்கிவிடும், சத்தமே கேட்காது. அதற்காகப் பையனைக் கூடத்திலேயே உட்கார வைக்கலாமா? கொல்லைக் கதவில் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். வாய்க்கால் பக்கம் படல் கட்டி அடையுங்கள். ஒரு பெரியவர் கண் எப்போதும் அவன்மேல் இருக்கட்டும். அப்புறம் முற்றத்திலும் வாசலிலும் தாராளமாக விடுங்கள்.

மூன்று வயதையொட்டிப் பெரும்பாலான பிள்ளைகள் கால் மாற்றி வைத்துப் படியேறும். அப்படியே இறங்க நான்கு வயதுகூட ஆகலாம். உங்கள் பையன் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறான். பழகச் சந்தர்ப்பம் கிடைக்காததே காரணமாக இருக்கலாம். 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், திரை முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. மூன்று மணி நேரமா என்று மலைக்காதீர்கள். விட்டு விட்டு, நாள் முழுக்கச் சேர்ந்தால் போதும்.

வீட்டில் திண்ணை இருக்கிறதா? அதைவிட நல்ல உடற்பயிற்சிக் கருவி கிடையாது. ஏறச் சொல்லுங்கள். இறங்கும்போது குப்புறத் திரும்பி, வயிற்றை விளிம்பில் அழுத்திக்கொண்டு, கால் விரலால் தரையைத் துழாவுவான். நம் கை தானாக நீளுவது அப்போதுதான். தூக்கி இறக்கிவிடாமல், பக்கத்தில் மட்டும் நில்லுங்கள். விரல் தரையைத் தொட்டதும் அவன் முகத்தைப் பாருங்கள்! திண்ணை பழகியதும், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் இரண்டு படி ஏறட்டும். சாயங்காலம் அப்பாவின் விரலைப் பிடித்து வரப்பில் நடக்கட்டும்.

பென்சிலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மூன்றரை வயதில் எழுத வராதது குறையே இல்லை, மிஸ்ஸிடமும் இதைச் சொல்லுங்கள். விரலுக்கு முதலில் வலு வேண்டும். மாவு பிசையட்டும், முருங்கைக்கீரை உருவட்டும், ரசம் சாதத்தைத் தானே பிசைந்து சாப்பிடட்டும். சிந்தினால் சிந்தட்டும். மாமியாரிடம் பல்லாங்குழி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒற்றைப் புளியங்கொட்டையை எடுத்துக் குழியில் போடுகிறதே, அந்தப் பிடிதான் பின்னால் பென்சில் பிடிக்கும். பெரியவர் கூட உட்கார்ந்திருந்தால் மட்டும் இந்த ஆட்டம். முடிந்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள். மூக்கில் போட்டுக்கொள்ளலாம், மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து.

தரையிலிருந்து எழும்போது முழங்காலிலும் தொடையிலும் கை ஊன்றி ஊன்றி எழுகிறானா? கெண்டைக்கால் சதை அளவுக்கு மீறிப் பருத்திருக்கிறதா? எப்போதும் குதிகால் படாமல் நடக்கிறானா? முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாமல் இந்த வாரமே போங்கள். ஆண் பிள்ளைகளுக்கு வரும் தசை நோய் ஒன்று இப்படித்தான் தொடங்கும்; சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையில் அதற்கான தடயம் தெரிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டலாம். அவன் தரையிலிருந்து எழுவதையும் படியேறுவதையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் அறையில் பிள்ளைகள் பெரும்பாலும் அம்மா மடியை விட்டு இறங்காது.