கால் கட்டைவிரல் நகத்தில் கருப்புக் கோடு: நிலைப்படியில் இடித்ததா, புற்றா?

கேள்வி: தேவகோட்டையில் இருக்கும் எங்க அப்பச்சிக்கு வயது 62. வலது கால் கட்டைவிரல் நகத்தில் ஒரு கருப்புக் கோடு. நிலைப்படியில் இடித்துக்கொண்டது என்கிறார். எட்டு மாதமாகியும் போகவில்லை. புற்றுநோயாக இருக்குமா?

பதில்: இடித்துக் கட்டிய ரத்தம் என்றால் எட்டு மாதத்தில் அது இடம் மாறியிருக்க வேண்டும். கால் நகம் மாதத்துக்கு 1 முதல் 1.5 மி.மீ. வளரும், வயதானவர்களுக்குக் கொஞ்சம் மந்தமாக. உறைந்த ரத்தமும் நகத்தோடு முன்னால் போகும், வேர்ப்பக்கம் நல்ல நகம் தெரிய ஆரம்பிக்கும். அப்படித் தெரியாமல் வேரிலிருந்து நுனி வரை கோடு முறியாமல் ஓடினால், நகம் உருவாகும் இடத்திலேயே நிறமி சுரக்கிறது என்று பொருள். அதற்காக எல்லாமே புற்று என்று அர்த்தமில்லை.

இடித்த ஞாபகத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். நக மெலனோமா (நிறமி செல்களில் தொடங்கும் புற்று) வந்தவர்களில் பலரும் அடிபட்டதைத்தான் சொல்வார்கள். வலித்ததால் அந்த விரலைக் குனிந்து பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில் வந்த இந்தப் புற்றையும் 1977இல் கால்பந்தில் பட்ட காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்தார்.

மருதாணியோ, ஆத்தங்குடித் தரைக்கல் போடுபவர்கள் கையில் ஏறும் சாயமோ நகத்தின் மேல்தான் நிற்கும். பிளேடால் லேசாகச் சுரண்டினால் போய்விடும். நம் நிறத்துக்குப் பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பதும் சகஜம். கவலைப்பட வேண்டியது, 50 வயதுக்கு மேல் ஒரே ஒரு நகத்தில், அதிலும் கை அல்லது கால் கட்டைவிரலில், புதிதாக வருவது. அகலம் 3 மி.மீ.க்கு மேல், ஓரம் கலங்கல், நிறத்தில் திட்டுத்திட்டான வேறுபாடு இருந்தால் சந்தேகம் கூடும். வேர்ப்பக்கம் அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் இருந்தால் கோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. கருமை நகத்தைத் தாண்டி அருகிலுள்ள தோலில் இறங்கியிருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

இந்தப் புற்றில் கருப்பே இல்லாத வகையும் உண்டு. நகம் பிளந்து, சிவந்த சதை வளர்ந்து, தொட்டால் ரத்தம் கசியும். நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தைச் சொருகியும், பூஞ்சை என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் காலம் போவது இதில்தான் அதிகம். பூஞ்சை மாத்திரை தொடங்கும் முன் நகத் துகளைச் சோதித்து உறுதி செய்யச் சொல்லுங்கள்.

மருதாணி, நகப்பூச்சு எதுவும் இல்லாமல் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையோ உங்களுக்குப் பக்கம். டெர்மோஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்துக் கோடுகளின் ஒழுங்கைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் பயாப்சி, அதாவது சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது. சிக்கல் இங்கேதான். நகத்தை வெட்டி அனுப்பினாலோ, நடு நகத்துக்கு அடியிலிருந்து சதை எடுத்தாலோ, 'புற்று இல்லை' என்று தப்பான ரிப்போர்ட் வரலாம். விரலை மரக்கவைத்து, வேரின் மேல் இருக்கும் தோலை மடித்து, நகத்தின் பின்பகுதியைத் தூக்கி, நிறம் பிறக்கும் இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். அகலமான கோட்டை 1 மி.மீ.க்கும் குறைந்த கனத்தில் முழுசாகச் சீவி எடுப்பது நல்லது. அதில் ஒரு மூலையை மட்டும் குத்தி எடுத்தால் நோயுள்ள இடம் தப்பிப்போகலாம். பிறகு நகம் மெலிந்து வளரலாம். அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

புற்று என்று வந்தால், ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டியது ஆழம். மேல்தோலோடு நிற்கிறது என்றால் நகத்தையும் அதன் படுகையையும் எடுத்துவிட்டு வேறிடத்துத் தோலை ஒட்டுவார்கள், விரல் பிழைக்கும். கிட்டத்தட்ட முழுக் குணம். உள்ளே இறங்கியிருந்தால் பெரும்பாலும் விரலின் கடைசி மூட்டோடு எடுக்க வேண்டி வரும். ஆழம் 1 மி.மீ.யைத் தாண்டினால் தொடை இடுக்கில், புற்று பரவினால் முதலில் போய்ச் சேரும் நிணநீர் முடிச்சையும் எடுத்துச் சோதிப்பார்கள். 4 மி.மீ.க்கு மேல், அல்லது புண்ணாகியிருந்தால், பரவும் அபாயம் அதிகம். பழைய கீமோ இதற்குப் பெரிதாகக் கேட்காது. இப்போது நோய் எதிர்ப்பைத் தூண்டும் ஊசிகள் இருக்கின்றன, ஆனால் இந்த வகை மெலனோமாவில் மற்ற மெலனோமாக்களில் கிடைக்கும் அளவுக்குப் பலன் கிடைப்பதில்லை.